மங்கலில் மறையாத அடிக்கட்டைகள்

அமெரிக்க ஓவியர் ஜோர்ஜ் இன்னஸ் (1825–1894) இறப்பதற்கு ஓராண்டு முன் தீட்டிய ‘நாரையின் இல்லம்’ சிக்காகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. நான் பார்த்தது அச்சுப்பிரதிதான். எண்ணெய் வர்ணம். சதுப்பும் மரங்களும் ஒரே தவிட்டு நிறத்தில் கரைந்து கிடக்க, ஒற்றை நாரை நிற்கிறது. மஃரிபுக்குச் சற்று முன் இரணைமடுக் குளக்கட்டில் நின்றவர்களுக்கு இந்த வெளிச்சம் தெரியும். எல்லாவற்றையும் ஒரே சாயலுக்குள் அமிழ்த்தும் இப்பாணியை டோனலிசம் என்பார்கள்.

ஆனாலும் என் மனம் நிற்பது அவரது பழைய படமொன்றில்தான். 1855 அளவில் ஒரு ரயில் கம்பனி பணம் கொடுத்து வரைவித்த ‘லக்கவானா பள்ளத்தாக்கு’ அது. தூரத்தே ரயில் வருகிறது. முன்னாலோ வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள், ஒவ்வொன்றாய் எண்ணலாம். காசு கொடுத்தவனுக்காக இன்னஸ் அவற்றை மறைக்கவில்லை. ‘நாரையின் இல்லம்’ இதைவிட அழகானது. எனக்கு அதில்தான் சந்தேகம்.

2009 க்குப் பின் நான் பார்த்த வன்னி நிலக்காட்சிகள் பலவற்றில் குளம் உண்டு, அந்திப் பொன் உண்டு, கொக்கும் உண்டு. ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகளை மட்டும் காணவில்லை. தம்பிமாரே, அவற்றை எந்த மங்கலுக்குள் வைத்தீர்கள்?