உச்சவரம்பும் ஒதுக்கீடும்: ஐரோப்பிய உமிழ்வு வணிகம் குறித்து ஒரு திறனாய்வு

தொழிலகங்கள் அனைத்தும் சேர்ந்து ஓராண்டில் எவ்வளவு கரியமில வாயுவை உமிழலாம் என்று அரசு ஓர் உச்சவரம்பை விதித்து, அந்த அளவுக்கு மட்டும் அனுமதிகளை வெளியிட்டு, அவற்றைத் தொழிலகங்கள் தமக்குள் வாங்கவும் விற்கவும் இடமளிக்கும் முறையே உமிழ்வு வணிகம் எனப்படுகிறது. ஓர் அனுமதி ஒரு டன்னுக்குச் சமம். ஆண்டு முடிந்தபின் ஒவ்வோர் ஆலையும் தான் உமிழ்ந்த டன்களுக்கு ஈடான அனுமதிகளை அரசிடம் ஒப்படைத்தாக வேண்டும். குறைந்த செலவில் உமிழ்வைக் குறைக்க இயலும் ஆலை மிச்சத்தை விற்கிறது, இயலாத ஆலை வாங்கிக்கொள்கிறது. ஆகவே மொத்தக் குறைப்பு எங்கு மலிவோ அங்கு நிகழ்கிறது என்பதே இம்முறையின் பொருளியல் நியாயம். அமில மழைக்குக் காரணமான கந்தக டைஆக்சைடைக் கட்டுப்படுத்த அமெரிக்கா 1995 முதல் இதைக் கையாண்டு, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் பயன் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இதே முறையைக் கரியமில வாயுவுக்குக் கொண்டுவந்தபோது அந்த நியாயம் குலையவில்லை. குலைந்தது அதற்கு அடித்தளமான உச்சவரம்பு.

தொடக்கக் கட்டங்களில் ஒன்றியம் முழுமைக்குமான உச்சவரம்பு என ஒன்று இருக்கவில்லை. ஒவ்வோர் உறுப்பு நாடும் தன் ஆலைகளுக்கான ஒதுக்கீட்டுத் திட்டத்தைத் தானே வகுத்து ஐரோப்பிய ஆணையத்திடம் அளித்தது. ஆலைகள் முன்பு எவ்வளவு உமிழ்ந்தன என்பதற்குச் சரிபார்க்கப்பட்ட கணக்கு பெரும்பாலும் இல்லாத நிலையில், தம் தொழில்களை அண்டை நாட்டுப் போட்டியில் நலிய விடாமல் காக்க விரும்பிய அரசுகள் கேட்டதையெல்லாம் வழங்கின. 2006 ஏப்ரலில் முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு வெளியானபோது உமிழ்வைவிட அனுமதிகளே மிகுதி என்பது தெரியவந்தது. முப்பது யூரோ அளவில் விற்ற அனுமதியின் விலை சில நாள்களில் பாதியாகச் சரிந்தது. முதற்கட்ட அனுமதிகளை 2008இல் தொடங்கும் இரண்டாம் கட்டத்தில் பயன்படுத்த இயலாது என்பதால், 2007இன் முடிவில் அவை ஏறத்தாழ மதிப்பற்றுப் போயின.

இதிலிருந்து பாடம் கற்ற ஆணையம் இரண்டாம் கட்டத்திற்கான திட்டங்களை வெட்டத் தொடங்கியது. வழக்குகளும் அங்குதான் முற்றின. ஆண்டுக்கு 28.46 கோடி டன் கேட்ட போலந்துக்கு 20.85 கோடி டன்னும், 2.44 கோடி டன் கேட்ட எஸ்டோனியாவுக்கு அதில் ஏறத்தாழ பாதியும்தான் ஏற்கத்தக்கவை என்று ஆணையம் 2007இல் முடிவெடுத்தது. நிலக்கரியையும் எண்ணெய்க் களிக்கல்லையும் நம்பியிருந்த அந்நாடுகளுக்கு இது மின்சாரத்தின் விலையையே தொடும் விவகாரம். 2009 செப்டம்பரில் ஒன்றியத்தின் முதல்நிலை நீதிமன்றம் ஆணையத்தின் முடிவுகளை ரத்து செய்தது. மேல்முறையீட்டிலும் 2012 மார்ச்சில் அதே தீர்ப்பு நிலைத்தது. ஒரு நாட்டின் திட்டம் விதிகளுக்கு ஒத்துள்ளதா என ஆராய்ந்து நிராகரிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அந்நாட்டின் தரவுகளை ஒதுக்கிவிட்டுத் தன் கணக்கின்படி உச்சவரம்பைத் தானே நிர்ணயிக்க அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி இது சரியான தீர்ப்பே. குறை சட்டத்தில் இருந்தது: எவருடைய உமிழ்வு கட்டுப்படுத்தப்பட வேண்டுமோ அவரிடமே அளவுகோலைக் கொடுத்துவிட்டு, அளவு மிகுந்தபோது திருத்தும் வழியை அது யாருக்கும் தரவில்லை. இறுதித் தீர்ப்பு வந்தபோது அந்தக் கட்டம் முடிய ஒன்பது மாதங்களே எஞ்சியிருந்தன. நீதிமன்றம் யாருக்கு அதிகாரம் என்று சொல்லலாமே தவிர, வளிமண்டலம் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல இயலாது.

ஒப்படைப்பில் காட்டப்பட்ட கண்டிப்போடு இந்தத் தளர்வை ஒப்பிட்டால் முரண் துலங்கும். சுவீடனின் காகித ஆலை நிறுவனங்கள் இரண்டு, கணக்கில் போதிய அனுமதிகள் இருந்தும் குறித்த தேதிக்குள் ஒப்படைக்கத் தவறியதற்காக டன்னுக்கு 40 யூரோ அபராதம் செலுத்த வேண்டும் என்று 2013இல் ஒன்றியத்தின் நீதிமன்றம் உறுதிசெய்தது. கூடுதல் உமிழ்வு எதுவும் நிகழாத ஒரு தவறு தண்டிக்கப்பட்டது. கோடிக்கணக்கான டன் மிகை ஒதுக்கீட்டுக்கோ தண்டனை கிடையாது. அதைவிட வருந்தத்தக்கது, இலவசமாகப் பெற்ற அனுமதிகளின் சந்தை விலையை மின் நிறுவனங்கள் மின்கட்டணத்தில் ஏற்றி, நுகர்வோரிடமிருந்து பெருலாபம் ஈட்டியது. 2013 முதல் பெரும்பாலான நாடுகளில் மின்துறை ஏலத்தில் வாங்க வேண்டியதாயிற்று. இரும்பு, சிமெண்ட் போன்ற துறைகளுக்கு இலவச ஒதுக்கீடு தொடர்ந்தது.

அதே ஆண்டு ஒன்றியம் முழுமைக்கும் ஒரே உச்சவரம்பு வந்தது. ஆயினும் 2008இன் பொருளாதார வீழ்ச்சியால் தேங்கிய ஏறத்தாழ 200 கோடி உபரி அனுமதிகள் விலையை ஐந்து யூரோவுக்கும் கீழே தள்ளின. உபரியைச் சந்தையிலிருந்து விலக்கி வைக்கும் இருப்பு ஏற்பாடு 2019இல் செயலுக்கு வந்தது. அதை எதிர்த்துப் போலந்து தொடுத்த வழக்கு அதற்கு முந்தைய ஆண்டே தள்ளுபடியாகியிருந்தது. 2023 பிப்ரவரியில் விலை நூறு யூரோவைத் தாண்டியது. அவ்வாண்டு இத்திட்டத்துக்கு உட்பட்ட ஆலைகளின் உமிழ்வு 2005ஐவிட ஏறத்தாழ 47 விழுக்காடு குறைந்திருந்தது. காற்றாலைகளுக்கும் சூரிய மின்சக்திக்கும் அரசுகள் அளித்த ஆதரவும் இதில் பங்குடையது என்பதால், முழுப் புகழையும் வணிகத்துக்கே அளிப்பது பொருந்தாது. ஆனாலும் வரம்பு இறுகிய பிறகே விலைக்கு வலு வந்தது என்பதை மறுக்க இடமில்லை.

இந்தியா 2023இல் அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டம் வேறு பாதையில் செல்கிறது. அதில் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு இல்லை. ஒரு டன் பொருளை உற்பத்தி செய்ய எவ்வளவு உமிழலாம் என்ற செறிவு இலக்கே விதிக்கப்படுகிறது. வளரும் பொருளாதாரத்துக்கு இது ஏற்புடையதாகத் தோன்றினாலும், எல்லா ஆலைகளும் இலக்கை எட்டிய பின்னும் உற்பத்தி பெருகினால் மொத்த உமிழ்வு கூடவே செய்யும். மேலும், இலக்கு ஆலைதோறும் தனித்தனியே வகுக்கப்படுவதால், போலந்தும் எஸ்டோனியாவும் எழுப்பிய அடிப்படைக் கணக்கு எவருடையது என்ற கேள்வி இங்கே நூற்றுக்கணக்கான ஆலைகளின் வாயிலில் தனித்தனியே எழக்கூடும்.