சாரலுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி

ஆனியும் ஆடியும் வந்தால் தென்காசிப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு விருந்தாளிப் பஞ்சமே கிடையாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், மதுரை மச்சானும் சென்னைச் சித்தப்பாவும் துண்டும் எண்ணெயுமாக வந்து இறங்கிவிடுவார்கள். குற்றாலம் ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு உதடு நடுங்கத் திரும்புகிறவர்களுக்குச் சுக்குக் காப்பிதான் சரி.

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் விருந்தாளிக்குச் சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கித் தருவார்கள். அதைக் கொதிக்க விடமாட்டார்கள். 78 டிகிரியிலேயே ஆல்கஹால் ஆவியாகக் கிளம்பிவிடும். நம்முடையது நேர்மாறு. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் கொஞ்சம் கொஞ்சமாக ஷோகாலாக மாறுகிறது. காரம் அதற்குத்தான் அதிகம். அந்தக் காரம் தண்ணீரில் இறங்கச் சுக்கு நன்றாகக் கொதிக்க வேண்டும். மல்லியின் மணமோ ஆவியோடு பறந்துவிடும், அதனால் அதற்குக் கடைசியில்தான் இடம்.

ஆறு பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். விரல் நீளச் சுக்கின் தோலைச் சீவிவிட்டுத் தட்டிப் போடுங்கள். தோல் ஆகாது என்பது வைத்தியர்கள் சொல். ஒரு தேக்கரண்டி மிளகை ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். லேசாக வறுத்து இடித்த மல்லி இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய் மூன்று போட்டு, இரண்டு நிமிடத்தில் இறக்கி மூடிவிடுங்கள். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். தூசும் மணலும் இல்லாத கருப்பட்டியை நான் பார்த்ததில்லை. 120 கிராம் போதும். கோடையில் காய்ச்சிய உடன்குடிக் கருப்பட்டி இந்தப் பருவத்தில் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். உடைத்த இடத்தில் சீனிபோல் மினுமினுத்தால் வாங்காதீர்கள்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் தோட்டம் போட்டு வளர்த்துப் பார்த்தது. அந்த ஒயினுக்கு வேண்டிய பட்டையும் கிராம்பும் இங்கேயே முளைத்திருக்கின்றன! ஆனாலும் சுக்குக் காப்பிக்குள் கிராம்பு வேண்டாம் என்பதே என் கட்சி. ஒன்று விழுந்தாலும் மல்லி அடங்கிப்போய்ப் பல்வலி மருந்தின் வாடை எழும்பிவிடும்.

ரசிகமணி டி.கே.சி. (1882–1954) குற்றாலத்தில் இருந்துகொண்டு ராஜாஜி, கல்கி முதலான நண்பர்களை அழைத்து உபசரித்தவர். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி நிறுத்திச் சுவைக்க வைப்பார். சுக்குக் காப்பிக்கும் அந்த நிதானம் வேண்டும். மடக்கென்று குடித்தால் சூடு மட்டும்தான் தெரியும்.

முதலில் மோந்து பாருங்கள். மல்லி முந்த வேண்டும். வெறும் பாகு வாசம் வந்தால் மல்லி பழசு. ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்துங்கள். நல்ல கருப்பட்டி என்றால் இனிப்புக்கு அடியில் மெல்லிய உப்புக்கரிப்பும் புகைவாசமும் தட்டுப்படும். சீனியில் இது வரவே வராது. பிறகு விழுங்கிவிட்டுப் பேசாமல் இருங்கள். சுக்கு நாக்கிலிருந்து நெஞ்சு வரை சீராகப் பரவும். மிளகு தாமதமாக வந்து தொண்டைக்குள் நிற்கும். மிளகு முந்திக்கொண்டால் போட்டவர் கை கனம். இரண்டாவது வாயில் இனிப்புச் சற்றுக் குறைந்ததுபோல் இருக்கும். காரம் அப்போதுதான் முழுதாகப் பிடிபடும். அடிமண்டியை விட்டுவிடலாம்.

சீசன் கடைகளில் குடிப்பதானால் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியதா என்று பாருங்கள். காலையில் போட்டு மாலைவரை சூட்டிலேயே கிடந்ததில் காரமும் இனிப்பும்தான் மிஞ்சும். கூடவே மிளகாய் பஜ்ஜி வாங்குவது பெரிய பிழை. மிளகாய் எரிச்சலில் மிளகு காணாமல்போகும். தேங்காய்ச் சில்லும் பொட்டுக்கடலையும் போதும்.

விருந்தாளி பால் கேட்டால் மறுக்காதீர்கள், ஆனால் இறக்கிய பிறகே ஊற்றுங்கள். கருப்பட்டியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். பழைய குற்றாலத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் தூக்குவாளியில் கருப்பட்டி சேர்க்காத கஷாயத்தை ஊற்றிக்கொண்டு, பாகைத் தனிப் புட்டியில் எடுத்துப்போனால், சீனி வியாதிக்காரச் சித்தப்பாவுக்கும் ஒரு டம்ளர் கொடுக்கலாம்.