அச்சத்தை ஆக்குவோர்

பேய்ப்படம் என்றதுமே முகஞ்சுளிப்பது முற்போக்காளரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. மூடநம்பிக்கையை வளர்த்துக் காசு பறிக்கும் சரக்கு என்று ஒரே வசனத்தில் தீர்ப்பெழுதிவிடுகிறோம். அத்தீர்ப்பு பெரும்பாலும் சரியே. ஆயினும் அச்சரக்கை ஆக்குபவன் யார், அவனுக்கு அந்த அச்சம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க மறந்துவிட்டோம். திகிற்பட நெறியாளனையே கதாபாத்திரமாக்கி, இக்கேள்வியை எழுப்பும் படங்கள் சில உண்டு. பண்டத்தரிப்பில் நண்பர் ஒருவர் வீட்டு விறாந்தையில், ஆசிரியரும் மாணவருமாகக் கூடி அவற்றுள் மூன்றைப் பார்த்தோம்.

முதலிற் சொல்லத்தக்கது பில் கொண்டனின் ‘கோட்ஸ் அன்ட் மொன்ஸ்ரர்ஸ்’ (1998). 1931இல் ‘பிராங்கென்ஸ்டைன்’ படத்தை நெறிப்படுத்திய ஜேம்ஸ் வேலின் இறுதி நாட்களே கதை. வேல், இங்கிலாந்தின் டட்லி நகரில் உலைக்களத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர். முதலாம் உலகப்போரில் 1917இல் ஜேர்மனியரிடம் சிறைப்பட்டவர். 1957இல் தம் வீட்டு நீச்சற் குளத்தில் உயிர்நீத்தவர். படத்தில் வரும் தோட்டக்கார இளைஞன் கற்பனைப் பாத்திரம். அவனிடந்தான் கிழவர், ஹொலிவூட்டின் செல்வத்துள் மூடிவைத்த தம் ஏழ்மைப் பிறப்பைத் திறந்து காட்டுகிறார். பதுங்குகுழிகளின் நினைவு அவரை விடாது துரத்துகிறது. முள்வேலியிற் சிக்கி மாண்டு, எடுப்பாரின்றித் தொங்கிய தோழன் ஒருவனின் உடல் கண்முன் வந்து நிற்கிறது. பிணத்துண்டுகளைத் தைத்து ஆக்கிய அந்தப் பூதம் ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று, போர்க்களத்திற் பிறந்தது என்ற எண்ணம் நம் நெஞ்சில் மெல்ல ஊன்றுகிறது.

பதுங்குகுழி, வலிகாமத்தார் அகராதி பார்த்து அறியவேண்டிய சொல்லன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரோடு ஊராய்த் தென்மராட்சி நோக்கி நடந்தவர்கள் எம்முடன் இருந்து இப்படத்தைப் பார்த்தார்கள். புளியமரத்து முனிக்கும் கொத்திக்கும் அஞ்சி வளர்ந்த தாம், ஷெல்லுக்கு அஞ்சப் பழகியபின் முனியை மறந்தேபோனதாக மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். “அப்படியென்றால் சேர், எங்கட ஊரில ஏன் ஒரு வேல் தோன்றேல்லை?” என்றான் ஒரு மாணவன். அவர் மறுமொழி சொல்லவில்லை. கமராவும் காசும் திரையரங்கும் எவர் கையில் உள்ளன என்பதிலிருந்தே அதற்கு மறுமொழி தேடவேண்டும்.

மெரிஜின் ‘ஷடோ ஒப் த வம்பயர்’ (2000) வேறு வகையினது. 1922இன் ‘நொஸ்பெராட்டு’ படத்தை எடுத்த முர்நௌ, மெய்யான இரத்தக்காட்டேரியையே நடிகனாக்கி, கூலியாகக் கதாநாயகியைத் தருவதாக ஒப்பந்தம் செய்கிறார். சுற்றியிருப்போர் மாளும்போதும் கமராவை நிறுத்தாது சுழற்றும் நெறியாளர், ‘கலை கலைக்காகவே’ என்போர்க்கு நல்லதொரு கண்ணாடி. ஆனால் காட்டேரியாகக் காட்டப்படும் மக்ஸ் ஷ்ரெக் உண்மையில் உழைத்துப் பிழைத்த ஒரு மேடைநடிகர். முதலாளியின் பேராசையைக் காட்டவந்த படம் தொழிலாளியைப் பேயாக்கியது எமக்கு உவப்பில்லை.

அஷிம் அலுவாலியாவின் ‘மிஸ் லவ்லி’ (2012) 1980களின் பம்பாயில் மூன்றாந்தரப் பேய்ப்படமும் ஆபாசப்படமும் எடுத்து விற்கும் சகோதரர் இருவரின் கதை. அங்கே பேய் வெறும் முகமூடி. பெண்களின் வறுமையே மூலதனம். படம் சற்றே சோர்வு தட்டும், பொறுத்துப் பார்க்கவேண்டும். ரிம் பேர்ட்டனின் ‘எட் வூட்’ (1994) வெறும் நகைச்சுவைக்காகப் பார்க்கலாம்.

தமிழில் அஸ்வின் சரவணனின் ‘மாயா’ (2015) உண்டு. ஒரு பேய்ப்படத்தை நள்ளிரவில் தனியே இருந்து பார்ப்பவர்க்குப் பரிசு என்று அறிவிக்கிறார் அதன் நெறியாளர். அதற்கு இணங்குபவள் துணிச்சற்காரியல்லள். கடனாளியான, கைக்குழந்தைக்காரியான ஒரு துணைநடிகை. வட்டிக்காரனுக்கு அஞ்சுபவள் பேய்க்கு அஞ்ச நேரமேது? இந்த இடத்திற் படம் இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

அதை அடுத்த கூட்டத்தில் பார்க்க இருக்கிறோம். விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கவேண்டும் என்பது மாணவர் விருப்பம். 1990இல் மின்சாரம் அறுந்தபின் ஆண்டுக்கணக்காய் இருளில் இருந்த மூத்த ஆசிரியர், விறாந்தை விளக்கு மட்டும் எரியட்டும் என்கிறார்.