நொதியை ரசிக்க, முதலில் சாவியைத் தூக்கிப் போடுங்கள்

"உயிர்வேதியியலா? வெறும் மனப்பாடமாச்சே!" என்று நல்ல வாசகர்களே ஒதுங்கிப்போவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் சிவப்பணுக்களில் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு, நொடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை மாற்றிப்போட வல்லது. இதில் மனப்பாடம் எங்கே வந்தது?

கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மருந்துக்கடையில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று, நன்றாக வெந்து ஆறிய துண்டு ஒன்று. இரண்டின் மீதும் சில சொட்டு விடுங்கள். பச்சைத் துண்டில் வெள்ளையாக நுரை பொங்கும். கேடலேஸ் என்ற நொதி பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. வெந்த துண்டு சும்மா கிடக்கும். சூட்டில் அந்தப் புரதத்தின் மடிப்பு குலைந்துவிட்டது. அடிப்படை இவ்வளவுதான்: நொதி பெரும்பாலும் புரதம், வினையை வேகப்படுத்தும், தான் தீர்ந்துபோகாது, வினை கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதை மாற்றாது. மேலே போவோம்.

நொதி பூட்டு, அது ஏற்கும் பொருள் சாவி என்று 1894-இல் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்ன உவமையை இன்னும் பாடநூல்கள் அச்சடித்துக்கொண்டிருக்கின்றன. ஃபிஷர் மேதை. ஒரு நொதி ஏன் குறிப்பிட்ட பொருளை மட்டும் ஏற்கிறது என்பதற்கு அந்த உவமை பொருந்தும். ஆனால் வினை ஏன் வேகமாகிறது? அதற்கு அதில் பதிலே இல்லை. அதோடு நிறுத்திக்கொள்கிற ஆசிரியர், கச்சேரி தொடங்குமுன் மாணவர்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்புகிறார்.

பதிலை இப்படிப் பாருங்கள்: ஒரு முருங்கைக்காயை ஒடிக்க வேண்டும். நேரான காய்க்கு அச்சாகப் பொருந்தும் உறை ஒன்று செய்தால் என்ன ஆகும்? காய் அதற்குள் பத்திரமாக இருக்கும், ஒடியவே ஒடியாது. உறையின் குழி, ஒடியப்போகும் தறுவாயில் வளைந்து நிற்கும் காய்க்குப் பொருந்த வேண்டும். பொருள் வந்து உட்காரும் நொதியின் குழியும் இப்படித்தான். வினையின் நடுவழியில், பழைய பிணைப்பு பாதி அறுந்து புதியது பாதி முளைத்த அந்தக் கணநேர வடிவத்தைத்தான் அது மிக இறுக்கமாகப் பற்றுகிறது. அதனால் நடுவழியில் ஏற வேண்டிய ஆற்றல் மேடு தாழ்கிறது. பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964-இல் புவனேஸ்வரில் மறைந்த உயிரியலாளர் ஹால்டேன், 1930-லேயே இதைக் கோடிகாட்டினார். 1946-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் தெளிவாகச் சொன்னார். ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிர், வைரஸ் நொதி நடத்தும் வினையின் நடுவழி வடிவத்தைப் போலச் செய்து நொதியை அடைத்துவிடுகிறது. சாவியை மட்டும் நம்பியவர்களுக்கு இப்படி ஒரு மருந்து தோன்றியிருக்காது.

'என்சைம்' என்று எழுதி அழகுக்கு விற்கும் பொடிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விழுங்கும் புரதத்தில் பெரும்பகுதியை வயிறு உணவாகவே செரித்துவிடும். கணையம் சரியாகச் சுரக்காதவர்களுக்கு மருத்துவர் தரும் மாத்திரை வேறு. அது உண்மையான மருந்து. அழகுப் பொடிகளோ நொதியின் பெயரை மட்டும் கடன் வாங்கிய வியாபாரம்.

இப்போது என் செல்ல நொதிக்கு வருகிறேன். ஓரோட்டிடின் மோனோபாஸ்பேட் டிகார்பாக்சிலேஸ். பெயரைப் பார்த்து ஓடாதீர்கள். ஆர்.என்.ஏ.வுக்கு வேண்டிய ஓர் எழுத்தைத் தயாரிக்கும் வேலை இதனுடையது. இந்த நொதி இல்லாமல் தண்ணீரில் விட்டால் அந்த வினை பாதி முடியவே சுமார் 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று 1995-இல் கணக்கிட்டார்கள். நொதி இருந்தால் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. உலோக அயனியின் துணையோ வைட்டமினின் துணையோ கிடையாது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்களுக்கும் அப்படி ஆக வேண்டுமென்றால் லைசோசைமில் தொடங்குங்கள். நுண்ணுயிரியலாளர் ஃபிளெமிங் கண்டுபிடித்து 1922-இல் அறிவித்தது. நம் கண்ணீரிலும் உண்டு, முட்டையின் வெள்ளைக்கருவிலும் உண்டு. பாக்டீரியாவின் சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலியை அறுப்பது இதன் வேலை. 1965-இல் டேவிட் ஃபிலிப்ஸ் குழு முட்டை லைசோசைமின் முப்பரிமாண அமைப்பைக் கண்டபோது, அதன் பிளவில் ஆறு சர்க்கரை வளையங்களை மாதிரியாக அடுக்கிப் பார்த்தார்கள். நான்காவது வளையம் மட்டும் இயல்பான வடிவில் உட்காரவில்லை. கொஞ்சம் முறுக்கினால்தான் பொருந்தியது. சங்கிலி அறுபடுவது எங்கே தெரியுமா? அந்த நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்! புரதத் தரவு வங்கியில் அதன் படத்தை இலவசமாகச் சுழற்றிப் பார்க்கலாம். 35-ஆம் இடத்திலிருக்கும் குளூட்டாமிக் அமிலத்தை முதலில் தேடுங்கள்; அறுபடும் பிணைப்புக்குப் புரோட்டானை நீட்டுவது அதுதான்.