முகக்குறியும் மெய்ப்பாடும்

மரணம் நிகழ்ந்த 31 ஆம் நாளில் கல்வெட்டு எனப்படும் நினைவு மலரை அச்சிட்டு வழங்குதல் யாழ்ப்பாணத்து மரபு; தீவகத்து வேலணையும் அதற்கு விலக்கன்று. 1990களின் இடப்பெயர்வுகளுக்குப் பின்னர் ஊரவர் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். இன்று மரண அறிவித்தல் கைத்தொலைபேசியிற் சென்றடைந்த சில நிமிடங்களிலேயே கூப்பிய கரங்களும் கண்ணீர் முகங்களும் நிரைநிரையாக வந்து சேர்கின்றன. இமோஜி எனப்படும் இக்குறிகள் துயரத்தை உண்மையிற் புலப்படுத்துகின்றனவா என்பதே இங்கு எழும் வினா.

யப்பானிய மொழியில் இச்சொல் சித்திர எழுத்து எனப் பொருள்படும். 1999 இல் ஷிகெதக்கா குரித்தா கைத்தொலைபேசிச் சேவையொன்றுக்காக 176 சித்திரங்களை அமைத்தார். 2010 இல் ஒருங்குறியில் இடம்பெற்றபின் இமோஜிகள் உலகப் பொதுவாயின. குறியால் எழுதுதல் தமிழுக்குப் புதியதன்று. நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, வருடத்திற்கு ௵ என முன்னோர் எழுதினர். ஆயின் அவை சொல்லைச் சுருக்கின. இமோஜியோ உணர்வைச் சுருக்க முனைகின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டெனக் கொண்டு, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்றார். அழுகை இழவாலும் பிறக்கும், வறுமையாலும் பிறக்கும். முகக்குறியில் அழுகை உண்டு, களன் இல்லை. அதனைத் தேடும் உழைப்பும் இன்று வேண்டியதில்லை. சொல்லைத் தட்டியதும் விசைப்பலகையே குறியை முன்வைக்கின்றது. எனவே தாயின் இழப்புக்கும் துடுப்பாட்டத் தோல்விக்கும் ஒரே முகமே அழுகின்றது.

எனினும், பழமையைப் போற்றி முகக்குறியைப் பழித்தல் நேர்மையான விமர்சனமாகாது. கல்வெட்டுப் பாடல்கள் பலவும் பெயரையும் திதியையும் மாற்றினால் எவருக்கும் பொருந்துவன. அவையும் ஒருவகை ஆயத்தக் குறிகளே. ஆனால் கல்வெட்டிலே இறந்தவரின் வம்சாவளியும் வாழ்க்கை வரலாறும் உடன் பதிவாகின்றன. ஆதலால் அது ஊர் வரலாற்றுக்குச் சான்றாகின்றது. நூலகம் எண்ணிம நூலகத்தில் இத்தகைய மலர்கள் பல பேணப்படுகின்றன. கண்ணீர் முகங்களின் நிரையிலிருந்து நாளைய ஆய்வாளன் எதனை அறிவான்?

மறுபுறம், தமிழ் எழுத அறியாது ரொறன்ரோவில் வளர்ந்த பேர்த்தி அனுப்பும் கூப்பிய கரத்தைக் குறைகூறுவதற்கில்லை. யப்பானில் நன்றியையோ வேண்டுதலையோ உணர்த்தும் அக்குறி, வேலணைக்கு வருகையில் அஞ்சலியாகின்றது. அவளுக்கு வாய்த்த தமிழ் அதுவே. குறைகூறத்தக்கவர், தமிழ் அறிந்தும் குறியோடு அமையும் நாமே. இறந்தவர் நட்ட பனையையோ கற்பித்த பாடத்தையோ சுட்டும் ஒரு வாக்கியத்தை அதனருகே எழுதுவோமாயின், அழுகைக்கு அதன் களன் கிடைத்துவிடும்.