கற்சிலைமடுக் கல்லும் நமது நாடகங்களும்

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலே வெள்ளையர் ஒரு கல் நாட்டினர். கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31ஆம் நாள் பண்டார வன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்தான் என்பதே அதிற் பொறித்த செய்தி. கொன்றான் என்றில்லை, கொன்றிருந்தால் எழுதாமல் விட்டிருப்பார்களா? அதன் பின்னரும் அவன் பல்லாண்டு உயிரோடிருந்ததாகக் கொள்ளும் வரலாற்றாசிரியரும் உளர். ஆயினும் நமது மேடைப் பழக்கம் அவனை அக்கல்லருகே வீழ்த்தித் திரையை இறக்குவதிலேயே நிறைவு காண்கிறது.

இதன் காரணம் ஆராயத்தக்கது. கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றிலும், மருது சகோதரர் 1801இல் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டனர். 1959இல் வெளிவந்த கட்டபொம்மன் திரைப்படம் தியாகிக்கென ஓர் அச்சையே வார்த்துத் தந்துவிட்டது: முழக்கம், துரோகி, தூக்குமேடை. வன்னியனுக்கோ தூக்குமேடை வாய்க்கவில்லை. துரோகத்துக்குக் காக்கை வன்னியன் கதை கைகொடுத்தது. 1960களில் முல்லைமணி எழுதிய நாடகமும், 1991இல் கலைஞர் எழுதிய நாவலும் அவன் பெயரை வாழவைத்தன. அந்த நன்றியை நாம் மறுப்பதற்கில்லை. (நாவலின் தலைப்பிலேயே புலி பாய்ந்துவிடுகிறது என்பது வேறு விடயம்.)

நாம் கேட்பது இதுதான்: கொள்கைக்காகத் துன்புறுதல் என்பது ஒரு கணத்துச் சாவு மட்டுந்தானா? 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவிலிருந்து டிறிபேர்க்கைக் கடல்வழியே ஓடவைத்தவன், கண்டி மன்னனின் படையோடு சேர்ந்தே போரிட்டான். இனக்குறுக்கம் பேசுவோர் இதனை மனங்கொள்ளுதல் நலம். அவன் மக்களாட்சி வீரனுமல்லன்; குடிகளிடம் திறை கொண்ட நிலப்பிரபு. இரண்டையும் மறைக்காமல் எழுதினாலே அவன் மனிதனாகத் தெரிவான்.

தோற்றபின் பணியாது வாழ்தல், வெற்றிக்குமுன் வீரம் பேசுவதினும் கடினமானது. 2009இன் பின் வன்னியிற் குடிசை கட்டி மீண்டும் வயலில் இறங்கியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பார்க்கும் மேடையில் அந்த ஆண்டுகளுக்கு ஒரு காட்சிகூட இல்லையே! கானகத்தில் மறைந்தவனுக்குச் சோறு கொண்டு போனவர் யார்? அகப்பட்டால் அவர்தம் கதி யாது? வரலாற்றேடு இங்கே வாய் மூடிக்கொள்கிறது. நாடகாசிரியனின் வேலை தொடங்குமிடமும் இதுவே. வாளும் கிரீடமும் வாடகைக்கு எடுக்கும் செலவாவது மிஞ்சும்.