நூலுருவும் மின்திரையும்

பழைய கருவியொன்று கழிந்து புதியதொன்று தோன்றுங்கால், புதியது பழையதன் கோலத்தைச் சிலகாலம் புனைந்து நிற்றல் இயல்பு. ஏறக்குறைய 1455ஆம் ஆண்டில் கூட்டன்பேர்க் அச்சிட்ட விவிலியத்தின் எழுத்துக்கள் அக்காலக் கையெழுத்துப் பிரதிகளின் எழுத்தையே ஒத்திருந்தன. அவ்வாறே மின்திரை நூல்களும் தாள்நூலின் கோலம் பூண்கின்றன. இக்கோலம் வாசகனுக்குத் துணையோ, வெறும் அலங்காரமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

2010இல் அப்பிள் நிறுவனம் ஐபேட் கருவியுடன் வெளியிட்ட ஐபுக்ஸ் செயலியை நோக்குவோம். மரத்தட்டில் நிரைத்த நூல்கள். விரல் பட்டதும் சுருண்டு புரளுந் தாள். இருமருங்கும் அடுக்கிய தாள்களின் ஓரம். ஆயின் அவ்வோரம் வெறும் ஓவியமே. எத்துணைப் பக்கங்கள் எஞ்சியுள என்பதை அது உணர்த்திற்றில்லை. 2013இல் மரத்தட்டு மறைந்தது. அதனைத் தேடி வருந்தினோர் சிலரே. 2022இல் புரளுந் தாளும் நீக்கப்பட்டபோதோ வாசகர் பலர் முறையிட்டனர். மறுவருடமே அது மீண்டது. காரணம் என்னை? மரத்தட்டு கண்ணுக்கு மட்டும் விருந்து. புரளுந் தாளோ விரலின் வேகத்துக்கு இசைந்து, கடந்ததையும் வருவதையும் உணர்த்தியது.

எனவே, நூலிடத்துப் போற்றற்குரியது அதன் தோற்றமன்று, இடவுணர்ச்சியே. 2007இல் அமேசன் நிறுவனம் வெளியிட்ட கிண்டில் கருவி பக்கவெண்ணை விடுத்துப் புதியதோர் இடவெண்ணைத் தந்தது. ஆசிரியர் அச்சுநூலிற் காட்டும் பக்கத்தை மாணவன் திரையிற் காண வழியில்லை. 2011இலேயே அச்சுநூலின் பக்கவெண் சில நூல்களுக்கேனும் சேர்க்கப்பட்டது.

இங்கு நம் பதிப்பாசிரியர் காட்டிய நெறி நினைவுகூரத்தக்கது. ஏட்டுச்சுவடிகளிற் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியில்லை, சொற்பிரிப்பும் இல்லை. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஓலையின் வடிவத்தைத் தாளில் வரைந்து காட்டினாரல்லர். ஓலையிலிருந்த பொருளையே காத்து, வாசிப்போர்க்கு எளிதாக்கினர்.

2005இல் தோன்றிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் நம் நாட்டு நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வழங்குகின்றது. பக்கவெண் பிழையாது நிற்றலின், மேற்கோள் காட்டுவார்க்கு அது பேருதவி. ஆயினும் கைப்பேசியின் சிறுதிரையில் அப்பக்கத்தைப் பெருக்கியும் நகர்த்தியும் வாசித்தல் கண்ணுக்குப் பெருந் தொல்லை. திரைக்கேற்ப நெகிழும் எழுத்தும், மூலநூலின் பக்கவெண்ணும் ஒருங்கமைதல் வேண்டும். தாள் புரளும் வித்தையினும் இதுவே நம் மாணவர்க்கு வேண்டற்பாலது.